பல் பிரஷ்ஷும் பானை ஓடும்: இங்கிலாந்தில் தொல்லியல் நாளுக்குப் போவது எப்படி

தொல்லியல் நாள் என்றால், மண்ணில் தோண்டி எடுத்த பழம்பொருட்களைப் பொதுமக்களும் பார்க்கவும் தொடவும் விடும் நாள். போனதும் நேராக, அகழாய்வில் கிடைத்த பானை ஓடு கழுவும் மேசைக்குப் போங்கள். புல்வெளியில் கேடயமும் ஈட்டியுமாக ரோமானிய வீரர் வேடமிட்டவர்கள் நிற்பார்கள், பிள்ளைகள் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுப்பார்கள். அணிவகுப்பு சாயங்காலம் வரை இரண்டு மூன்று தடவை நடக்கும், தவறவிட மாட்டீர்கள். கழுவும் மேசையில் இருப்பது ஆறு நாற்காலியோ எட்டு நாற்காலியோதான். பதினொரு மணிக்கெல்லாம் நிறைந்துவிடும்.

நான் கரூர்க்காரி. அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசு கிடைத்த கதைகளைக் கேட்டே வளர்ந்தவள். ஆனால் அந்தக் காசை நான் பார்த்ததெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுதான். இங்கிலாந்துக்கு வந்து ஹெர்ட்ஃபோர்ட்ஷரில் குடியேறிய பிறகு, ஒரு ஜூலை சனிக்கிழமை, முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் கையில் ஒரு பழைய பல் பிரஷ்ஷையும் மண் அப்பிய ஓட்டுச் சில்லையும் கொடுத்து, "கழுவு" என்றார். 1,800 வருஷத்து மண் விரலிடுக்கில் கரைந்து ஓடியது. அன்றிலிருந்து ஒரு கோடைகூட நான் தவறவிட்டதில்லை. புதிதாக இந்த நாட்டுக்கு வந்த நம்மவர்கள் பலர், இதெல்லாம் இங்கே பிறந்தவர்களுக்கான விஷயம் என்று ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, மேசைக்கு வருவோம்.

உங்கள் முன்னால் ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு பல் பிரஷ், செய்தித்தாள் விரித்த இன்னொரு தட்டு. ஓடுகள் இருக்கும் தட்டில் ஒரு சிறிய அட்டை கிடக்கும். அதில் அகழாய்வு இடத்தின் குறியீடும், எந்த மண் அடுக்கிலிருந்து எடுத்தது என்ற எண்ணும் எழுதியிருக்கும். இந்த அட்டைதான் மேசையில் இருப்பதிலேயே விலைமதிப்பான பொருள். நான் முதல் வருஷம் ஆர்வக்கோளாறில் இரண்டு தட்டுகளை ஒன்றாக இழுத்து வைத்துக் கழுவினேன். முடிக்கும்போது ஒரு அட்டை எந்தத் தட்டுக்கு உரியது என்று எனக்கே தெரியவில்லை. மேற்பார்த்தவர் கோபப்படவில்லை. அரை மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, பைகளையும் பதிவேட்டையும் ஒத்துப் பார்த்துச் சரிசெய்தார். எண் போய்விட்டால் அந்த ஓடு எதோடு கிடந்தது, எந்தக் காலத்தது என்று யாராலும் சொல்ல முடியாது, வெறும் ஓடாகிவிடும் என்று அப்போது அவர் சொன்னது எனக்கு உறைத்தது. ஒரு நேரத்தில் ஒரு தட்டு மட்டும். அட்டையை அதன் தட்டைவிட்டு நகர்த்தாதீர்கள்.

கழுவுவதிலும் முறை இருக்கிறது. ஓட்டை ஊறப் போடாதீர்கள், நனைத்துத் தேய்த்தால் போதும். உடைந்த விளிம்பை நன்றாகத் தேய்க்கலாம். களிமண்ணில் என்ன மணல், என்ன பொடி கலந்திருக்கிறது என்று அந்த விளிம்பில்தான் பார்ப்பார்கள், அதை வைத்துத்தான் எந்த ஊர்ச் சூளை என்று சொல்வார்கள். முகப்பில் மெதுவாகத் தடவுங்கள். உள்பக்கம் கரி அப்பியிருந்தால் கையை எடுத்துவிட்டுக் காட்டுங்கள், அது சமைத்த சோற்றின் மிச்சமாக இருக்கலாம். உலோகத் துண்டு ஏதாவது தட்டில் தட்டுப்பட்டால் தண்ணீரில் போடாமல் தனியே எடுத்துக் கொடுங்கள்.

பெரும்பாலும் கையில் வருவது சாம்பல் நிறச் சமையல் பானைதான். சலிப்பாக இருந்தாலும் அதுதான் அந்த ஊரின் அடுப்படி. இடையிடையே செக்கச்செவேல் என்று பளபளப்பாக ஒரு துண்டு வரும். அது சாமியன். இன்றைய பிரான்ஸ் பக்கத்தில் செய்து படகேறி வந்த பந்திப் பாத்திரம். உள்பக்கம் முழுக்கச் சரளை பதித்த தடித்த துண்டு வந்தால் மோர்ட்டேரியம், நம் வீட்டு ஆட்டுக்கல் செய்த வேலையில் பாதியைச் செய்த அரைக்கும் கிண்ணம். லண்டனுக்கும் செயின்ட் ஆல்பன்ஸுக்கும் நடுவே பிராக்லி ஹில்லில் இதைச் செய்த சூளைகள் இருந்தன. அப்புறம் சிப்பி ஓடு. கடலே இல்லாத ஊரில் ரோமானியர் தின்று போட்ட ஆய்ஸ்டர் ஓடுகள் மண்ணில் அத்தனை கிடக்கின்றன.

எனக்கு ஒருமுறை கூரை ஓட்டில் ஒரு துண்டு வந்தது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. மண் போகப் போகக் குழி குழியாகத் தெரிந்தது. உடைசல் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு தேய்ப்பில் நான்கு விரலும் ஒரு மெத்தையுமாக நாயின் பாதம். சுடுவதற்கு முன் ஓட்டை வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள், அந்த ஈரக் களிமண்மேல் ஏதோ ஒரு நாய் ஓடியிருக்கிறது. முன்விரல் இரண்டும் மற்றவற்றைவிட ஆழமாகப் பதிந்திருந்தன. யாரோ விரட்டியிருக்க வேண்டும். என் மகள் தன் சுண்டுவிரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நகம்கூட இருக்கு" என்றாள். நகக்கீறல் இருந்தது.

எங்கே, எப்போது என்று தேடுவது

பிரிட்டிஷ் தொல்லியல் மன்றம் ஆண்டுதோறும் தொல்லியல் திருவிழா நடத்துகிறது. வழக்கமாக ஜூலை பிற்பாதியில் இரண்டு வாரம் போல. நாடு முழுக்க அருங்காட்சியகங்கள், உள்ளூர்ச் சங்கங்கள், சர்ச்சுகள், அகழாய்வு நடக்கும் வயல்கள் எல்லாம் அதில் சேர்ந்துகொள்ளும். மன்றத்தின் இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் பக்கத்தில் நடப்பது வரும். அடுத்தது செப்டம்பரில் வரும் பாரம்பரியத் திறந்த நாட்கள். வழக்கமாகப் பூட்டியே கிடக்கும் இடங்களை அன்று இலவசமாகத் திறந்துவிடுவார்கள். இந்த இரண்டையும் தாண்டி மாவட்டத் தொல்லியல் சங்கங்கள் இருக்கின்றன. அவர்கள் விளம்பரம் அதிகம் செய்வதில்லை. நூலகத்து அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், உள்ளூர் அருங்காட்சியக வரவேற்பில் கேளுங்கள். நான் போனதில் மிகச் சிறந்த நாள், ஒரு சர்ச் ஹாலில் முப்பது பேர் கூடிய ஒரு சங்கத்தின் நாள்தான்.

இலவசம் என்று போட்டிருந்தாலும் முன்பதிவு வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள். குழிக்குப் பக்கத்தில் கூட்டிப்போகும் சுற்றுக்குப் பெரும்பாலும் பெயர் கொடுக்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகளுக்கு எட்டு வயதாகிவிட்டால் இளம் தொல்லியலாளர் கிளப்பில் சேர்க்கலாம், 16 வயது வரை எடுத்துக்கொள்வார்கள். மாதம் ஒருமுறை சந்திப்பு. சில ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் நீளம், அதனால் ஏழு வயதிலேயே எழுதிப் போட்டுவிடுங்கள்.

முதல் தடவைக்கு ரோமானியர் பக்கம் போவது நல்லது. கண்ணுக்குத் தெரியும்படி கல்லும் செங்கலும் நிற்கிறது. என் ஊருக்குப் பக்கத்து இடம் என்பதால் மட்டும் செயின்ட் ஆல்பன்ஸைச் சொல்லவில்லை. வெருலேமியம் என்ற ரோமானிய நகரம் அங்கே பூங்காவுக்கு அடியில் படுத்திருக்கிறது. அருங்காட்சியகத்தில் தொடங்கி, எதிர்ப்புறம் நாடகக் களத்தைப் பார்த்துவிட்டு, பூங்காவுக்குள் நடந்து, சிறு சிறு வண்ணக் கல் பதித்த மோசைக் தளம் இருக்கும் சிறு கட்டடத்துக்குப் போங்கள். அந்தத் தளத்துக்குக் கீழே சூடான காற்று ஓடிய வழி திறந்து தெரியும். குளிர்கால வீடு எப்படிக் கதகதப்பாக இருந்தது என்று குனிந்து பார்த்தால் புரியும். மதில் துண்டுகளைத் தொட்டபடியே மேலே ஏறினால் பேராலயம். அதன் கோபுரத்தில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் கீழே இருந்த ரோமானிய நகரத்திலிருந்து பெயர்த்து வந்த செங்கல். ஒரு நாள் போதாது என்பேன், ஆனாலும் ஒரு நாளில் முடியும்.

அந்த மோசைக் தளத்தை 1930களில் வெளிக்கொண்டு வந்த அகழாய்வை நடத்தியவர்கள் மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸா வீலரும். அதே வீலர்தான் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்து, 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். அங்கே கிடைத்த ரோமானிய ஓடுகளை வைத்துத்தான் அந்தத் துறைமுகத்துக்கு அவர் காலம் குறித்தார். வெருலேமியத்து மண்ணில் ஓடு பொறுக்கிப் பழகிய கண் அது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் அந்தக் கட்டடத்துக்குள் நான் வெகுநேரம் நின்றேன்.

வடக்கே இருப்பவர்களுக்கு, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் எல்லைச் சுவருக்குப் பக்கத்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை. கோடையில் போனால் அகழாய்வு கண்ணெதிரே நடக்கும். அங்கே கிடைத்த மரப்பலகைக் கடிதங்களும் கணக்குகளும் உலகப் புகழ் பெற்றவை, அவற்றில் ஒரு கணக்கில் மிளகும் வருகிறது. கிழக்கே கோல்செஸ்டர். அங்கே பிற்கால நார்மன் கோட்டையே ரோமானியப் பேரரசர் கிளாடியஸின் கோயிலின் அடித்தளத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, கீழே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். லண்டனில் நேரம் குறைவு என்றால், ரோமானியர் கும்பிட்ட மித்ராஸ் என்ற தெய்வத்தின் கோயில், அனுமதி இலவசம்.

ஆங்கிலோ-சாக்ஸனைப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும்

ரோம ஆட்சி இங்கே 410 வாக்கில் முடிந்துவிட்டது. அதற்குப் பின் 1066 வரை நீளும் காலத்தை ஆங்கிலோ-சாக்ஸன் காலம் என்கிறோம். இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் பக்கமிருந்து வந்து குடியேறிய அந்த மக்கள் பெரும்பாலும் மரத்தில் கட்டினார்கள். மரம் மக்கிவிடும். அதனால் நிகழ்ச்சிக்குப் போய் "எங்கே, ஒன்றுமே இல்லையே" என்று ஏமாறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குழிக்குள் நிறம் மாறும் இடத்தைப் பாருங்கள். வெளிறிய மண்ணில் வட்டமாகக் கருத்த திட்டு தெரிந்தால் அங்கே ஒரு தூண் நின்றது. அப்படி நாலைந்து திட்டு வரிசையாக வந்தால் சுவர். வழிகாட்டி பேசி முடித்ததும், "எந்தத் திட்டு எதனோடு சேர்ந்தது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள், பத்து நிமிஷம் கூடுதலாகப் பேசுவார்.

சஃபோக்கில் வெஸ்ட் ஸ்டோ என்ற இடத்தில் இப்படிக் கிடைத்த திட்டுகளை வைத்தே வீடுகளைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளோடு போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. உள்ளே நுழைந்தால் புகை மணமும் வைக்கோல் மணமும். நம் ஊர்க் கூரை வீட்டில் படுத்தவர்களுக்கு அந்த இருட்டும் குளிர்ச்சியும் உடனே பிடிபடும். ஆடை கட்டி வரும் குழுக்கள் தறி நெய்து, ரொட்டி சுட்டுக் காட்டும் வார இறுதியாகப் பார்த்துப் போங்கள்.

அதே சஃபோக்கில் சட்டன் ஹூ என்ற ஆங்கிலோ-சாக்ஸன் புதைமேடுகள். 1939இல் ஈடித் பிரிட்டி என்ற நிலக்காரர் கேட்டுக்கொள்ள, பேஸில் பிரவுன் என்ற அகழாய்வாளர் அதில் ஒரு மேட்டைத் தோண்டினார். 27 மீட்டர் நீளக் கப்பல் உள்ளே இருந்தது, ஆனால் மரம் ஒரு துண்டுகூட இல்லை. மணலில் கப்பலின் அச்சும், வரிசை கலையாத இரும்பு ஆணிகளும் மட்டும். தலைக்கவசமும் நகைகளும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மேட்டைப் பார்த்த கையோடு ஆற்றுக்கு அக்கரை உட்பிரிட்ஜுக்குப் போய்விடுங்கள். அங்கே அந்தக் கப்பலைத் தன்னார்வலர்கள் கோடரியால் ஓக் மரம் செதுக்கி முழு அளவில் திரும்பக் கட்டிவருகிறார்கள். செதுக்கும் சத்தத்தைக் கேட்டபடி நிற்கலாம்.

சவுத்எண்டில் இன்னொன்று உண்டு. 2003இல் பிரிட்டில்வெல்லில் சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஒரு பிரபுவின் கல்லறை அறை கிடைத்தது. சுவரில் மாட்டிய பாத்திரங்கள் மாட்டியபடியே மண்ணோடு இருந்தன. அதில் ஒரு யாழ் வகை வாத்தியம். மரம் மண்ணில் கறையாகிவிட்டது, அதில் பதித்திருந்த கார்னெட் என்ற சிவப்புக் கற்கள் எஞ்சின. அவை இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. சவுத்எண்ட் அருங்காட்சியகத்தில் அந்தப் புதையலைப் பார்க்கலாம்.

வேடமிட்டவர்களோடு பேசுவது

அவர்கள் நடிகர்கள் இல்லை. பெரும்பாலும் வார நாளில் வேறு வேலை பார்த்துவிட்டு, தாங்களே தைத்த துணி, தாங்களே அடித்த கத்தியோடு வருகிறவர்கள். "இந்த உடுப்புல வேர்க்கலையா?" என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் அவர்கள் கையில் இருக்கும் பொருளைக் கேளுங்கள். இது எதில் செய்தது, எங்கே கிடைத்ததைப் பார்த்துச் செய்தீர்கள், உங்களுக்கு எத்தனை நாள் பிடித்தது. தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் அம்மா கோடைக்கு வந்திருந்தார். ஒரு ரோமானியர் நாளில் மாவு அரைக்கும் கல் வைத்திருந்தார்கள். வேறென்ன, நம் திருகைதான். அடிக்கல், மேல்கல், நடுவில் துளை, ஓரத்தில் மரக்கைப்பிடி. ஜெர்மனியின் ஐஃபல் மலைப்பக்கத்து எரிமலைக் கல்லில் இப்படிச் செய்து கப்பலில் கொண்டுவந்தார்கள், ரோமானியரும் பிறகு சாக்ஸன்களும். பிள்ளைகள் வரிசையில் நின்று, கோதுமையைக் குவியலாகக் கொட்டி, முக்கி முக்கிச் சுற்றினார்கள். கல் நகரவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "ஏங்கண்ணு, இவங்க கீழ துணியே விரிக்கலையே" என்றார். புடவையைச் செருகிக்கொண்டு தரையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்தார். துளையில் ஒரு பிடிக்கும் குறைவாகப் போட்டு, கையை விறைக்காமல் ஒரே ஓட்டமாகச் சுற்றினார். கரகரவென்ற சத்தம் மாறி வழவழவென்று ஆனது, விளிம்பு முழுக்க மாவு கொட்டியது. என் மகளிடம், "குத்துக் குத்தாப் போடாத தங்கம், அதுவா வாங்கிக்கும்" என்றார். சிப்பாய் வேடத்தில் இருந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அம்மாவுக்கும் நடுவே நான் அரை மணி நேரம் மொழிபெயர்த்தேன். எவ்வளவு நாளைக்கு ஒருமுறை கல்லைக் கொத்த வேண்டும், பருப்பு உடைக்கும்போது என்ன செய்வீர்கள், நனைத்த தானியம் போட்டால் என்ன ஆகும். புத்தகத்தில் கிடைக்காத பதில்கள் அவருக்குத் தேவைப்பட்டன. அதனால் வீட்டுப் பெரியவர்கள் வந்திருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். திருகை, உலக்கை, தறி, மண்பானை எல்லாம் கைப்பழக்கமாகத் தெரிந்தவர்கள் அவர்கள்.

உங்கள் தோட்டத்தில் ஏதாவது கிடைத்திருந்தால்

பல நிகழ்ச்சிகளில் பொருள் அடையாளம் காணும் மேசை இருக்கும். செடி நடும்போது கிடைத்த ஓடு, காசு, கண்ணாடி எதுவானாலும் ஒரு டப்பாவில் காகிதம் மடித்து வைத்துக் கொண்டுபோங்கள். கழுவி மினுக்காதீர்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். சாதாரண நாட்களிலும் மாவட்டந்தோறும் இதற்கென ஒரு தொடர்பு அலுவலர் உண்டு. மக்கள் காட்டிய பொருட்களின் பதிவு 15 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பொன்னோ வெள்ளியோ 300 வருஷத்துக்கு மேல் பழையதாகத் தெரிந்தால், 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உலோகம் தேடும் கருவி வாங்கும் எண்ணம் இருந்தால் நிலக்காரர் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட நினைவிடங்களில் சிறப்பு அனுமதி இல்லாமல் கருவி ஓட்டுவதே குற்றம். தேம்ஸ் கரையில் தேடுவதற்கும் உரிமம் வேண்டும்.

1992இல் ஹாக்ஸன் ஊரில், வயலில் தொலைந்த சுத்தியலைத் தேட நண்பரைக் கருவியோடு கூப்பிட்டார் ஒரு விவசாயி. பொன்னும் வெள்ளியுமாக ரோமானியக் காசு வரத் தொடங்கியது. அவர்கள் முழுவதையும் வாரிவிடாமல் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார்கள். அதனால்தான் 15,000 காசும், புதைத்த பெட்டிக்குள் எது எதன்மேல் அடுக்கியிருந்தது என்ற விவரமும் சேர்ந்தே கிடைத்தன. அதில் அரசி வடிவத்தில் ஒரு வெள்ளி மிளகுக் குப்பி இருக்கிறது. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் என்று அகநானூறு முசிறியைச் சொல்லுமே, அந்த வியாபாரத்தின் மறுகரை அந்தக் குப்பி. பிரிட்டிஷ் மியூசியத்தில் அதைத் தேடிப் பாருங்கள். சுத்தியலும் அங்கேயே இருக்கிறது.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. ஜூலையிலும் மழை கோட்டு, சேறு ஒட்டினால் பரவாயில்லை என்ற காலணி, மாற்று சாக்ஸ், தொப்பி, தண்ணீர். வயலில் நடக்கும் அகழாய்வில் சாப்பாட்டுக் கடை இருக்காது. நாங்கள் புளிசாதம் கட்டிக்கொள்வோம், கரண்டி போதும், ஆறினாலும் நன்றாக இருக்கும். பழுப்புக் காகிதத்தில் ஒரு சிறு நோட்டு வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுங்கள், போன் கேமராவைவிட வரைவதில் அவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள்.

எலும்புக்கூடு பற்றி முன்பே பேசி வையுங்கள். சாக்ஸன் கல்லறை தோண்டும் இடத்தில் அது எதிரே கிடக்கலாம். "இவரும் யாருக்கோ தாத்தா" என்று மட்டும் என் மகளிடம் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், சில இடங்களில் கூடாது.

இரண்டு மூன்று நாள் இப்படிப் போய்வந்த பிறகு குழிக்குள் இறங்க ஆசை வரும். உள்ளூர்ச் சங்கத்தில் உறுப்பினராவதே நேர்வழி. சந்தாவும் பெரும்பாலும் சொற்பம்தான், அனுபவமும் கேட்க மாட்டார்கள். விண்டோலாண்டாவில் தன்னார்வலர்கள் கட்டணம் கட்டித் தோண்டலாம், ஆனால் பதிவு திறந்த வேகத்தில் இடம் தீர்ந்துவிடும். சொந்தமாக ஒரு கரணை வாங்கிக்கொள்ளுங்கள். கொத்தனார் கரணையேதான், நான்கு அங்குலம், தகடும் தண்டும் ஒரே இரும்பில் அடித்ததாக இருப்பது. தோட்ட வேலைக்கு விற்கும் குழிந்த கரண்டி உதவாது. முட்டிக்கு ஒரு தடித்த மெத்தை. மண்ணைக் குத்தாமல், கரணையின் ஓரத்தால் உங்களை நோக்கிச் சுரண்ட வேண்டும். முதல் நாள் மணிக்கட்டு வலிக்கும். நீங்கள் எடுக்கும் ஓடுகளைத் தட்டில் போடும்போது அட்டையில் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.